சேணத்து மேல உட்கார்ந்து சாப்பிடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல, அரிசோனா மாநிலம் சாண்ட்லர்ல இருக்காங்க. வர்ற டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் போறோம். பாலைவனத்துக்குள்ள டார்ட்டில்லா ஃப்ளாட்னு ஒரு இடத்துல கௌபாய் ஹோட்டல் இருக்கு, எல்லாரும் போகலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. நான் சுத்த சைவம், அவருக்கு சுகர், பேரனுக்கு ஆறு வயசு. அங்க பாரும் இருக்காம். நாங்க போகலாமா, இல்ல அவங்கள மட்டும் அனுப்பிட்டு வீட்டுலயே இருந்துக்கட்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கண்டிப்பா போங்கம்மா. டிசம்பர்தான் அதுக்கு சரியான மாசம், பகல்ல இதமா 20 டிகிரி பக்கம்தான் இருக்கும், ஆனா நிழல்ல நின்னா குளிரும், அதனால ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. இதையே ஜூன் ஜூலையில கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், 2023-ல பக்கத்துல இருக்கற ஃபீனிக்ஸ் நகரத்துல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல அடிச்சுது.

பார் இருக்குன்னு தயங்க வேணாம். குழந்தை குட்டியோட, வயசானவங்களோட வர்ற குடும்பங்கள்தான் அங்க நிறைய. பார் பக்கத்துல ஸ்டூலுக்கு பதிலா குதிரைச் சேணத்தை மாட்டி வெச்சிருக்காங்க, பெரிய தோல் சேணம், உட்கார்ந்தா ரெண்டு காலையும் ரெண்டு பக்கமும் போட்டுத்தான் உட்காரணும். பேரன் அதை விட்டு இறங்கவே மாட்டான். உங்களுக்கும் அவருக்கும் மேசை நாற்காலி இருக்கு. சுவரு, கூரைன்னு இண்டு இடுக்கு விடாம டாலர் நோட்டு, வந்தவங்க பேரு ஊரு எழுதி ஒட்டிட்டுப் போனது. வேற நாட்டு நோட்டும் இருக்கும். நம்ம ரூபாயை எழுதி ஒட்ட வேணாம், நோட்டுல எழுதக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு, ஆசையா இருந்தா ஒரு டாலர்ல பேரனை எழுதச் சொல்லுங்க.

சாப்பாட்டு விஷயத்துலதான் கவனம் வேணும். அந்த ஊரு பேர் போனது சில்லிக்கும் பர்கருக்கும், சில்லின்னா மிளகாய்னு நெனச்சுடாதீங்க, மாட்டுக்கறி போட்டு கொதிக்க வைக்கிற கெட்டியான குழம்பு அது. அதுகூட பாத்த உடனே தெரிஞ்சுடும், தெரியாம வர்றதுதான் பிரச்சனை. அந்தப் பக்கத்துல பீன்ஸை வேகவெச்சு மசிச்சுக் குடுப்பாங்க, பார்க்க நம்ம பருப்பு மாதிரி சாதுவா இருக்கும், ஆனா அதுல பன்றிக் கொழுப்பு சேர்க்கறது பழைய வழக்கம், சில இடத்துல டார்ட்டில்லா ரொட்டி மாவுலயும் சேர்ப்பாங்க. அதனால ஆர்டர் பண்ணும்போது "நோ மீட்"னு மட்டும் சொன்னா பத்தாது, "நோ லார்டு", அதாவது பன்றிக் கொழுப்பு வேணாம்னும் மாப்பிள்ளையை கேக்கச் சொல்லுங்க. உருளைக்கிழங்கு ஃப்ரைஸ்கூட சிக்கன் பொரிச்ச எண்ணெயிலயான்னு கேட்டுக்கலாம், அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா, காலையிலயே தயிர்சாதம் கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க, போற வழியில கேன்யன் லேக்னு ஒரு ஏரி வரும், அங்க உட்கார்ந்து நிம்மதியா சாப்பிட்டுட்டு, ஹோட்டல்ல லேசா ஏதாவது வாங்கிக்கலாம்.

அவருக்கு சுகர்னு சொல்றீங்க. சனி ஞாயிறுல மேசைக்குக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும், அதனால பிஸ்கட் கையில இருக்கட்டும், மாத்திரை போட்டுட்டு சாப்பாடு எப்ப வரும்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. சோடாவை பெரிய கிளாஸ்ல கொண்டு வருவாங்க, குடிக்கக் குடிக்க நிரப்புவாங்க, அவருக்கு சர்க்கரை போடாத ஐஸ் டீ வாங்கிக் குடுங்க. ஒரு பிளேட்டே ரெண்டு பேருக்குக் காணும். பில்லோட 15-லேருந்து 20 சதவீதம் டிப்ஸ் வைக்கறது அங்க வழக்கம்.

வழியில வர்ற அப்பாச்சி ஜங்ஷன்ங்கற ஊர்லேருந்து ஏறக்குறைய 29 கிலோமீட்டர், மலை வளைவுதான் பூரா, தலை சுத்தறவங்க முன்சீட்ல உட்காருங்க. பகல்லயே போயிட்டு வெளிச்சத்துலயே திரும்பிடணும். செல்போன் சிக்னல் பல இடத்துல கிடைக்காது, தண்ணி நிறைய வேணும். ஊருக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு ஓடை ரோட்டைக் குறுக்கா கடக்குது, மழை பெஞ்சு தண்ணி ஓடுச்சுன்னா தாண்டிப் பாக்கலாம்னு யாரும் சொல்லக்கூடாது, வண்டியைத் திருப்பிட வேண்டியதுதான்.

கேள்வி: இந்த மாதிரி கௌபாய் ஹோட்டல் எல்லாம் சினிமா செட்டு மாதிரிதானே, டூரிஸ்ட்டுக்காகப் போட்டதுதானே? அதுல நிஜம்னு என்ன இருக்கு?
– வாசகர், ஓசூர்

பதில்: செட்டு போட்ட இடங்கள் நிறைய இருக்கு, உண்மைதான். டார்ட்டில்லா ஃப்ளாட்ல இப்ப இருக்கற கட்டடமும் பழசு இல்ல, 1987-ல தீப்பிடிச்சு எரிஞ்ச பிறகு கட்டினது. ஆனா அந்த இடம் நிஜம், அது இருக்கற ரோடு நிஜம். நான் முக்கியமா சொல்ல நெனைக்கறது அந்த ரோட்டைத்தான்.

மலைக்குள்ள சால்ட் நதியில ரூஸ்வெல்ட் அணை கட்ட ஆரம்பிச்சாங்க, 1911-ல திறந்தாங்க, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்து வெச்சாரு. அணைக்கு சாமான் கொண்டு போக மலைக்குள்ள ரோடு வேணும், இல்லாம சிமெண்டுக்கும் இரும்புக்கும் என்ன பண்றது, அப்ப போட்டதுதான் இப்ப அப்பாச்சி ட்ரெயில்ங்கற ரோடு. அந்த வழியில கோவேறு கழுதை வண்டிங்க நின்னு போற இடமாத்தான் டார்ட்டில்லா ஃப்ளாட் 1904 வாக்குல உருவாச்சு. அந்த ரோட்டை வெட்டுனவங்கள்ல பெரும்பங்கு அந்த மண்ணோட பழங்குடிகளான அப்பாச்சி மக்கள். பாறையைக் குடைஞ்சு, கல்லை அடுக்கி, செங்குத்தான சரிவுல வண்டி போற அளவுக்கு வழி உண்டாக்குனாங்க. அதுக்கு முன்னாடியே அவங்க முன்னோர் காலத்துலேருந்து நடந்து போன தடம்தான் அது. ஹோட்டல் அலங்காரத்துல பூரா கௌபாய் தொப்பியும் துப்பாக்கியும்தான் கண்ணுல படுது, ரோடு போட்ட கைகளைப் பத்தி பேச்சு ரொம்பக் கம்மி. எனக்கு அது வருத்தம்தான்.

அதனால பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க வண்டியில போறப்பவே இதைச் சொல்லுங்க. இன்னொண்ணும் சொல்லுங்க, சாண்ட்லர் வீட்டுக் குழாயில வர்ற தண்ணியில ஒரு பங்கு அந்த சால்ட் நதித் திட்டத்துலேருந்து வர்றதுதான். அதைக் கேட்டா அந்தப் பயணமே வேற மாதிரி ஆயிடும், ஆறு வயசுப் பையனுக்கும் புரியும்.

கேள்வி: அரிசோனாவுல கள்ளிப்பழத்துல ஐஸ்கிரீம் விக்கறாங்கன்னு படிச்சேன். நம்ம ஊர் சப்பாத்திக்கள்ளிதானா அது? சாப்பிடலாமா?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: அதே குடும்பம்தாங்க, தாராளமா சாப்பிடலாம். இந்தச் செடிக்குப் பிறந்த ஊரே அமெரிக்கக் கண்டம், அங்கேருந்துதான் நம்ம காட்டுக்கெல்லாம் வந்து சேர்ந்துது. நல்ல ரோஸ் நிறம், லேசான இனிப்பு, சாப்பிட்டு முடிச்சா நாக்கு உதடெல்லாம் சிவந்துடும், வெள்ளைச் சட்டையில பட்டா போகாது. சின்ன வயசுல ஊருல பறிச்சுத் தின்ன ஞாபகத்துல அங்க செடியில கை வெச்சுடாதீங்க, சுணை கண்ணுக்கே தெரியாது, ஒட்டுச்சுன்னா நாள் பூரா உறுத்தும். சோயான்னு இன்னொரு கள்ளி இருக்கு, லேசா உரசினாலே துண்டு உடைஞ்சு சட்டையோட வந்துடும், பையனை அது பக்கம் ஓட விடாதீங்க. அப்படி ஒட்டுச்சுன்னா கையால பிடுங்க வேணாம், பல் அகலமான சீப்பை உள்ள விட்டு ஒரே வீச்சுல தட்டி விடுங்க. ஒரு சீப்பு கார்லயே கிடக்கட்டும்.