ஆயரிடம் கேளுங்கள்: ஞாயிறு போக மற்ற நாளில் என்ன வேலை?

(மூணாறு மலையில் தேயிலைத் தோட்டச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் சேகர ஆயர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, கோபப்படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, பிரசங்கம், அத்தோடு சரி. மற்ற ஆறு நாளும் ஆயருக்கு அப்படி என்னதான் வேலை? - வாசகர், போடி

கோபமே இல்லை. என் மாமனாரும் பெண் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டார். போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். விடியும் முன்னே போன். ஒரு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரியவர் ஒருவர் ராத்திரி இறந்துவிட்டார். மகன் திருப்பூரில், மகள் சங்கரன்கோவிலில். "ஐயா, அடக்கம் எத்தனை மணிக்கு வைக்கலாம்?" என்கிறார்கள். மகள் ராஜபாளையம், தேனி சுற்றி வந்து போடிமெட்டு ஏற வேண்டும், மெட்டில் மூடுபனி இருந்தால் பஸ் ஊர்ந்துதான் வரும், அதற்குள் குழி தோண்டியாக வேண்டும், மழைக்காலத்தில் குழி தோண்டுவது லேசான காரியம் இல்லை. பாதி ஆழம் போகும்போதே பக்கவாட்டில் தண்ணீர் கசியும். வாலிபர் சங்கப் பையன்கள் மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு, ஒருத்தன் மண்ணை வாரிப்போட இன்னொருத்தன் பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பான். பெட்டி வந்து சேரும்வரை இறைப்பை நிறுத்த முடியாது. இதையெல்லாம் கணக்குப் போட்டு மூன்றரை மணி என்று சொன்னேன்.

நடுவில் பதினொரு மணிக்குக் கல்யாணம். பதினொன்று என்று பத்திரிகையில் அச்சடித்தார்களே தவிர, பெண் வந்து இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பியூட்டி பார்லர்க்காரர்கள் சபைக் கமிட்டியை விடப் பலசாலிகள்! ஆராதனை முடிந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதுதான் அடுத்த கூத்து. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெண் பெயர் எஸ்தர் ராணி, ஆதாரில் வெறும் ராணி, பள்ளிச் சான்றிதழில் ராணி எஸ். எந்தப் பெயரை எழுதினாலும் நாளைக்கு ஒரு ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். மூன்றையும் குறித்துக்கொண்டு, அப்பா, மாமன் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிய அரைமணி நேரம். அப்படியே அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி யாரோ மடியில் வைத்தார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஐந்து மணி. வீடு சந்திக்க அதுதான் நேரம், ஏனென்றால் பெண்கள் கொழுந்து எடுத்து, எடை போட்டு, வீடு வந்து சேர்வதே அப்போதுதான். அப்புறம் பாடகர் பயிற்சி, கமிட்டி. கமிட்டியைப் பற்றி எழுதினால் பத்திரிகை தாங்காது.

கேள்வி: ஒரே நாளில் கல்யாணமும் சாவும் வந்தால் எதை முதலில் நடத்துவீர்கள்? - வாசகி, தேவிகுளம்

எங்கள் பக்கம் கல்யாணம் முதலில். துக்க வீட்டாரிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன், போனில் சொல்ல மாட்டேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை, சில நேரம் அந்த வீட்டுப் பெரியம்மாவே "பிள்ளைங்க கல்யாணம் நல்லபடியா முடியட்டும் ஐயா" என்பார். கல்யாணக் கூட்டம் வளாகத்தை விட்டுக் கலையும்வரை துக்க மணி அடிக்க வேண்டாம் என்று கோயில் பணியாளரிடம் சொல்லிவைப்பேன்.

கேள்வி: என் மகளுக்கு மூணாறில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். கல்யாணத்தை அங்கே வைப்பதா, போடியிலா என்று பேச்சு. பேப்பர் வேலை எதில் குறைவு? - வாசகர், போடி

எங்கே வைத்தாலும் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு வாசிக்கணும், அதில் தப்பிக்க முடியாது. போடியில் வைத்தால் 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும். அதன்படி சாதாரணமாகக் காலை ஆறிலிருந்து மாலை ஏழு மணிக்குள் கல்யாணம் முடியணும். மூணாறு பழைய திருவிதாங்கூர் பூமி. திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த இடங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, இங்கே சபை ஒழுங்குதான். பதிவு வேறு விஷயம். கேரளத்தில் 2008 விதிப்படி 45 நாளுக்குள் பஞ்சாயத்தில் பதியணும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கல்யாணம் நடந்த பக்கத்து விதிதான் கணக்கு. என்னைக் கேட்டால் போடியிலேயே வையுங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மெட்டு ஏறி வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர வேண்டாம்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் கோயிலுக்கு ஆயர் மாதம் ஒரு தரம்தான் வருகிறார். மற்ற வாரம் ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான். எங்களை இரண்டாம்தரமாக நடத்துவது போல இருக்கிறது. - பெயர் வேண்டாம், மூணாறு

வருத்தம் நியாயம்தான். ஆனால் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஒழுங்கில் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடத்த அபிஷேகம் பெற்ற ஆயர்தான் வேண்டும், இருக்கிற ஒரு ஆயர் எல்லா எஸ்டேட்டுக்கும் ஒரே ஞாயிற்றில் ஓட முடியாது. ஜெபிக்கவும், பாட்டு நடத்தவும், வியாதிக்காரரைப் போய்ப் பார்க்கவும் அபிஷேகம் தேவையில்லையே! பக்கத்து லயத்தில் ஒரு அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், ஆயர் வரட்டும் என்று மூன்று வாரம் யாரும் போகவில்லை என்றால் அது என் பயண அட்டவணையின் குற்றம் மட்டும் அல்ல. சும்மா போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கேள்வி: மூணாறு பழைய கோயிலில் கோயிலுக்கு முன்னாடியே கல்லறை வந்துவிட்டதாமே, நிஜமா? - மாணவி, கம்பம்

நிஜம்தான். 1894-இல் எலினோர் என்ற இளம்பெண், ஒரு வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியின் மனைவி, காலராவில் இறந்து அந்தக் குன்றில் அடக்கமானார். கீழே கல் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1910-இல்தான். கோயில் வருவதற்கு முன்னமே அடக்கப் பதிவேடு அவர் பெயரோடு தொடங்கிவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் மேலே ஏறிப்போய்ப் படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் கூட்டிவந்த நம் சனங்களும் அதே காலத்தில்தான் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தார்கள். அவர்கள் பேர் வெட்டிய கல்லைத் தேடிப் பாருங்கள், அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதனாலேயே இன்றைக்கு யார் அடக்கமானாலும் பெயர், வயது, அப்பா பேர், லயம் எல்லாம் தெளிவாக எழுதாமல் பதிவேட்டை மூடுவதில்லை.

கேள்வி: ஆயருக்கு லீவு உண்டா? - வாசகர், குமுளி

திங்கட்கிழமை என்று பேர். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். அதிலிருந்து மழை ராத்திரியில் போனை சைலன்டில் போட மனசு வருவதில்லை. மழை இல்லாத திங்கட்கிழமைகளில் மத்தியானம் நன்றாகத் தூங்குவேன்.

கேள்வி: வீடு சந்திக்க வரும் ஆயருக்கு என்ன கொடுப்பது முறை? - வாசகி, மறையூர்

கட்டன் சாயா. பலகாரம் வேண்டாம் அம்மா, ஒரே சாயங்காலத்தில் எல்லா வீட்டு மிக்சரையும் தின்ன முடியாது. கவர் கொடுக்கத் தோன்றினால் சேகரக் கணக்கரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.