மெதுவாகச் செல்லும் விமானம் பனிக்கட்டியில் ஏன் சறுக்குகிறது?
ஓடுபாதையில் பத்திரமாக இறங்கிய விமானம், பிறகு டாக்சிவேயில் (ஓடுபாதையையும் விமானம் நிற்கும் இடத்தையும் இணைக்கும் பாதையில்) ஊர்ந்து செல்லும்போது சறுக்கிப் புல்தரைக்குப் போவது எப்படி என்று டர்பனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

2024 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் வான் ரீனன் மலைக் கணவாயில் பனி கொட்டி, அதன் வழியே செல்லும் என்3 நெடுஞ்சாலையில் லாரிகள் நகர முடியாமல் நின்றதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆயினும் விமானத்தின் சிக்கல் அதனினும் கடினமானது. லாரியை நகர்த்துவது சக்கரம். விமானத்தையோ ஜெட் எஞ்சின் வெளித்தள்ளும் காற்று நகர்த்துகிறது. ஆகவே டயருக்குப் பிடிப்பே இல்லாதபோதும், மிகக் குறைந்த விசையில் இயங்கும் எஞ்சின்கூட விமானத்தை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும்.

திருப்பும் வேலை முன்சக்கரத்துடையது. ஏறத்தாழ 79 டன் வரை எடையுள்ள போயிங் 737-800 விமானத்தில் பாரத்தின் பெரும்பகுதி இறக்கைக்கு அடியிலுள்ள சக்கரங்களில் இறங்க, முன்சக்கரத்துக்குச் சிறு பங்கே கிடைக்கிறது. பனிக்கட்டியில் விமானி திருப்பினால், முன்டயர் கோணலாகத் திரும்பியபடியே வழுக்கும். விமானம் நேரே போகும். குறைந்த வேகத்தில் வால் சுக்கானுக்கும் (காற்றின் விசையால் விமானத்தைத் திருப்பும் வால் பலகைக்கும்) வலு இல்லை. பக்கக்காற்றோ அந்த உயர்ந்த வாலைத் தள்ளத் தவறுவதில்லை.

கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் படர்ந்த பனிக்கட்டியே ஆபத்தானது. ஓடுபாதைப் பரப்பின் நிலையை விமானிகளுக்குத் தெரிவிக்க 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச அறிக்கை முறையில் உலர்ந்த ஓடுபாதைக்கு 6, நீர் படர்ந்த பனிக்கட்டிக்கு 0 என்று குறியீடு. டாக்சிவேக்கு இந்த எண் தரப்படுவதில்லை. அதன் நிலை மோசமாக இருந்தால் சொற்களில் தெரிவிக்கப்படும். பனி அகற்றும் வண்டிகளும் பொதுவாக முதலில் ஓடுபாதைக்கே செல்கின்றன.