ஒரு ஹெட்செட், நாற்பது மாணவர்கள்

கேள்வி: கல்லூரி முதலாண்டு ஆங்கில வகுப்புக்கென்று ஒரு குவெஸ்ட் 2 விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் மீதி 39 பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு வேலையைச் செய்யவைத்து மொழி கற்பிக்கும் டாஸ்க் முறைப் பாடத்துக்கு இது உதவுமா?
– ஆங்கில ஆசிரியை, திருச்சி

பதில்: மாட்டாதவர்களுக்குத்தான் பாடமே. ஊர் சுற்றிக் காட்டும் செயலியைப் போட்டால் மாட்டியவர் "ஆகா" என்பார், அதோடு சரி. ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் வாய் திறக்கும். அதற்குக் கச்சிதமானது 2015-இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' விளையாட்டு. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஹெட்செட் போட்டவர் கண்முன் வெடிகுண்டு. அதைச் செயலிழக்க வைக்கும் 23 பக்கக் கையேடு வெளியே இருப்பவர்கள் கையில். கையேட்டை மட்டும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிடலாம்.

நான்கு பேர் ஒரு குழு: ஒருவருக்கு ஹெட்செட், இருவருக்குக் கையேடு, நான்காமவர் குறிப்பெடுப்பார். குண்டுக்கு 5 நிமிடம், ஆள் மாற 3 நிமிடம். 10 குழுக்களுக்கு இரண்டு பீரியட் ஆகும். காத்திருக்கும் குழுக்களுக்கு, வண்ணக் கம்பிகள் வரைந்த அட்டைகளைக் கொடுத்து அதே டாஸ்க்கைச் செய்யச் சொல்லுங்கள். அட்டையில் எட்டிப் பார்ப்பார்கள், விரலால் காட்டிவிடுவார்கள். ஹெட்செட்டுக்குள் அந்தக் குறுக்குவழி கிடையாது.

முதல் நாளுக்கு, குண்டில் எந்தக் கம்பியை வெட்டுவது என்று சொல்லும் கையேட்டுப் பக்கம் ஒன்றே போதும். மூன்று கம்பி இருந்தால் முதல் விதி, 'இஃப் தேர் ஆர் நோ ரெட் வயர்ஸ், கட் த செகண்ட் வயர்.' அடுத்தது, 'அதர்வைஸ், இஃப் த லாஸ்ட் வயர் இஸ் வைட், கட் த லாஸ்ட் வயர்.' வெள்ளை, நீலம், வெள்ளை என்று இருக்கிறதென்று வையுங்கள். சிவப்பு இல்லை, வெட்ட வேண்டியது இரண்டாவதை. ஆனால் பல குழுக்கள் 'அதர்வைஸ்' (இல்லாவிட்டால்) என்பதைத் தாண்டிப் படித்து, கடைசிக் கம்பி வெள்ளை என்றதும் மூன்றாவதை வெட்டச் சொல்லும். தப்பு விழும், கடிகாரமும் வேகமெடுக்கும். அந்த நேரத்தில் திருத்தாதீர்கள். குறித்து வைத்து, எல்லாக் குழுவும் முடித்தபின் 10 நிமிடம் அந்த ஒரு சொல்லையே கரும்பலகையில் எடுத்துப் பேசுங்கள். இலக்கணம் பிறகு வருவதுதான் இந்த முறையின் உயிர்.

இன்னொன்று: ஹெட்செட் காட்சியை ப்ரொஜெக்டரில் போட்டுவிடாதீர்கள். எல்லோரும் பார்த்துவிட்டால் கேட்க என்ன இருக்கிறது? உங்கள் போனில் மட்டும் பாருங்கள்.

கேள்வி: பதற்றத்தில் எல்லோரும் தமிழுக்குத் தாவிவிடுகிறார்களே?
– விரிவுரையாளர், மதுரை

பதில்: தாவட்டும், பாதி வரை. கையேடு வைத்திருக்கும் இருவரும் தங்களுக்குள் தமிழில் விவாதிக்கலாம். ஹெட்செட் போட்டவரிடம் சொல்வது மட்டும் ஆங்கிலத்தில். முன்கூட்டியே ஏழெட்டு வாக்கியங்களை எழுதிப் போடுங்கள்: 'ஹவ் மெனி வயர்ஸ்?', 'ஃப்ரம் த டாப்', 'சே தட் அகெய்ன்' போல. 'தேர்' (there), 'தேய்ர்' (their), 'யுவர்' (your), 'யூ ஆர்' (you're) என்று ஒலி ஒத்த சொற்களைக் குழப்பும் ஒரு பகுதியும் விளையாட்டில் உண்டு. எழுத்துக்கூட்டிச் சொன்னால்தான் தப்ப முடியும். அதை மூன்றாம் வாரத்துக்கு வையுங்கள்.

கேள்வி: பள்ளிகளில் சொல்லும் செயல்வழிக் கற்றல்தானே இது?
– வாசகர், கடலூர்

பதில்: இல்லை. அது எல்லாப் பாடத்துக்குமான, அட்டைகளை வைத்து ஏணி போலப் படிப்படியாகப் போகும் முறை. இது மொழிக்கானது, ஒரு வேலையை முடிக்கும் போக்கில் மொழி வருவது. மொழிக் கல்வி அறிஞர் என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போவது என்று கேட்பது போன்ற டாஸ்க்குகள். ஹெட்செட் நேற்று வந்தது.

கேள்வி: காட்சி மங்கலாகத் தெரிகிறது. ஹெட்செட் காட்சியைப் போனில் காட்டும் கேஸ்டிங்கும் வரவில்லை.
– ஆய்வக உதவியாளர், கோவை

பதில்: குவெஸ்ட் 2-இல் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலை. ஒவ்வொருவரும் மாட்டியதும் லென்ஸை நகர்த்திப் பார்த்துத் தெளிவானதில் நிறுத்த வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்குப் பெட்டியோடு வரும் இடைவெளிச் சட்டத்தைப் பொருத்துங்கள்.

கேஸ்டிங்குக்குப் போனும் ஹெட்செட்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கல்லூரி வைஃபை பல இடங்களில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்கவிடாது. தனி ரவுட்டர் வைத்தால் தீரும். வியர்வை படும் முகப் பஞ்சை ஒவ்வொருவருக்குப் பின்னும் துடையுங்கள், லென்ஸுக்கு ஆல்கஹால் துடைப்பான் கூடாது, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். ஜன்னலோர மேஜையில் லென்ஸ் மேல்நோக்கி வைத்தால், வெயில் லென்ஸ் வழியே குவிந்து உள்ளே திரையில் அழியாத புள்ளி விழும்.