தம்பிக்குச் சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தியது தப்பா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. போன வருடம், பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டம் போடுவதாகச் சொல்லி ராத்திரியெல்லாம் தூங்காமல் தவித்தான். டாக்டர் மனச்சிதைவு என்றார். ரிஸ்பெரிடோன் மாத்திரையில் பழையபடி வேலைக்குப் போனான். 'தூக்க மாத்திரை, பழகிவிடும்' என்று பெரியப்பா சொல்லவே, எட்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடி தனியாகப் பேசுகிறான். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், பரமக்குடி

பதில்: ரிஸ்பெரிடோன் தூக்க மாத்திரை அல்ல, போதையும் தராது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. தூக்கம் சில நாளிலேயே சீராகும். சந்தேகமும் காதில் கேட்கும் குரல்களும் அடங்கப் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்தாம் நாளே டாக்டரை மாற்றுகிறவர்கள் நிறைய.

நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் யாரும் நிறுத்தமாட்டார்கள். பல வாரம், சில சமயம் பல மாதம் நன்றாகவே இருப்பார்கள். பிறகு வரும்போது பழி மருந்தை விட்டதன்மேல் விழாமல் செய்வினைமேல் விழுகிறது. முதல் தடவை வந்த நோய்க்கே, குணமான பிறகும் ஒன்றிரண்டு வருடம் மாத்திரை வேண்டும். திரும்பி வந்துவிட்டதால் இனி இன்னும் நீளும்.

வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையைப் பிரித்து நீங்களே பழைய அளவில் கொடுக்காதீர்கள். இடைவெளிக்குப் பின் முழு அளவில் தொடங்கினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். பழைய சீட்டோடு டாக்டரிடம் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

மாத்திரை சாப்பிடும்போது கை நடுங்கியதா, எச்சில் வடிந்ததா, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தானா? அது பக்கவிளைவு. வீட்டார் அதை நோய் முற்றியதாக எண்ணிவிடுவார்கள். அளவைக் குறைத்தோ வேறு மருந்து கொடுத்தோ சரிசெய்யலாம். தாம்பத்திய உணர்வும் சிலருக்குக் குறையும். உங்களிடம் சொல்லமாட்டான், ஆனால் மாத்திரை வேண்டாம் என்று அவன் நினைக்க அதுவே காரணமாக இருக்கலாம். டாக்டரை அவனோடு தனியாகப் பேசவிடுங்கள்.

மறுத்தால் சாதத்தில் பொடித்துக் கலக்க வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் 'விஷம் வைக்கிறார்கள்' என்ற சந்தேகத்துக்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள். பக்கத்து வீட்டாரைப் பற்றி வாதாடுவதும் வீண். 'தூக்கம் வரட்டும், அதற்காகப் போவோம்' என்றால் பலர் வருவார்கள். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

ஏர்வாடிக்குப் போய் துவா (பிரார்த்தனை) செய்யுங்கள், அதில் தவறே இல்லை. தர்காவில் மருந்தோடு துவாவும் என்று அரசு மனநலச் சிகிச்சையே நடக்கிறது. தனியார் காப்பகம் எதிலாவது விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது.

14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குரல்கள் 'செத்துப்போ' என்பதாகச் சொன்னாலோ, சாப்பாடு தண்ணீரை அடியோடு ஒதுக்கினாலோ அன்றைக்கே 108ஐக் கூப்பிடுங்கள்.