கோடைப் பரிசுக்கு வண்ண ஸ்க்ரப்: கேள்வி பதில்

சேலம்: அக்கா, குளிக்கும்போது தோல்ல தேய்க்கிற ஸ்க்ரப் ஒண்ணு, பிள்ளைகளோட டீச்சர்களுக்குக் கொடுக்கச் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஜாடியில போட்டேன். மறுநாளே எண்ணெய் மேல மிதக்குது. ஏன்?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி தாண்டினாலே உருகிவிடும். குளிர்நாட்டு வீடியோக்காரர்கள் உறைந்த எண்ணெயை வைத்து அளவு சொல்கிறார்கள். சேலத்து மே மாதத்துக்கு அது சரிப்படாது. ஒரு கப் சர்க்கரைக்குக் கால் கப் எண்ணெய் போதும். கையில் பிடித்தால் ஈர மணல் பதம் வரவேண்டும். கெட்டியாகத்தான் வேண்டுமென்றால் 100 கிராம் எண்ணெயில் 8 கிராம் தேன்மெழுகை, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, ஆறியபின் சர்க்கரையைக் கொட்டிக் கிளறுங்கள். சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள், பெரிய பரல் தோலைக் கீறும்.

ஜாடி, கரண்டி எதிலும் தண்ணீர் படக்கூடாது. இதை இன்றைக்கு இன்னும் எத்தனை முறை சொல்லப்போகிறேனோ.

திருச்சி: பீட்ரூட் பொடி போட்டும் கலர் ஏறலையே?

ஏறாது. பீட்ரூட் நிறம் தண்ணீரில்தான் கரையும். எண்ணெயில் புள்ளி புள்ளியாக நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம் பட்டை கேளுங்கள், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் போடுவார்களே, அதுதான். இளஞ்சூடான எண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு வடித்தால் நல்ல சிவப்பு; குறைத்துப் போட்டால் ரோஜா நிறம். மஞ்சள்தூளும் எண்ணெயில் நிறம் விடும். ஆனால் துண்டில் கறை, அதன்மேல் சோப்பு பட்டால் சிவப்புக் கறை. வெயில் படும் ஜன்னலில் வைத்தால் வெளிறியும் போகும். பச்சைக்கு வேப்பிலைப் பொடியை நன்றாகச் சலித்துப் போடுங்கள். கரையாவிட்டாலும் சீராகப் பரவும். சங்குப்பூ நீலத்தை எண்ணெயில் எதிர்பார்க்காதீர்கள். ஜிகினா வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக்.

மதுரை: ரோஸ் வாட்டர் ஊத்தலாமா?

அதுவும் தண்ணீர்தான். பூஞ்சை பிடிக்கும்.

வேலூர்: தயிர், கற்றாழை?

குளிக்கப்போகும்போது கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். ஜாடியில் கூடாது.

கடலூர்: விட்டமின் ஈ கேப்ஸ்யூல் உடைச்சுப் போட்டா கெடாதுன்றாங்களே?

எண்ணெய் சிக்கு நாற்றம் அடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

நாகர்கோவில்: நலங்கு மாவுல பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிற கஸ்தூரி மஞ்சளைப் போடச் சொல்றாங்க. அசல் அப்படி இருக்காதே!

வந்தீர்களா! இருக்காதுதான். அசல் கஸ்தூரி மஞ்சளை நறுக்கினால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், கற்பூர வாசனை. கடைகளில் அந்தப் பெயரில் பெரும்பாலும் விற்பது வேறு மஞ்சள் கிழங்கு.

தஞ்சாவூர்: எங்க பாட்டி காலத்துலேர்ந்து மஞ்சளாத்தான் வாங்கறோம். பாட்டியும் ஏமாந்தாங்களா?

பாட்டி நம்பி வாங்கியிருப்பார். தூளில் ஒரு சிட்டிகை எடுத்து ஈரச் சுண்ணாம்போடு குழைத்துப் பாருங்கள். குங்குமமாகச் சிவந்தால் சமையல் மஞ்சள் கலந்திருக்கிறது.

நாகர்கோவில்: சிவக்காட்டியும் அசல்னு சொல்லிர முடியாது அக்கா. கிழங்காவே வாங்கி நறுக்கிப் பாத்தாத்தான் உண்டு.

ஒத்துக்கொள்கிறேன். தூளை நம்பாமல் கிழங்கு வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுங்கள். உண்மையில் கோடைப் பரிசுக்கு எண்ணெய் ஸ்க்ரப்பைவிட இந்த நலங்கு மாவுதான் என் தேர்வு. பச்சைப்பயறு அரை கிலோ, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் ஐம்பது ஐம்பது கிராம், வெட்டிவேர் ஒரு பிடி. ஆவாரம்பூவைக் கூட்டினால் மஞ்சள், இதழைக் கூட்டினால் இளஞ்சிவப்பு. எண்ணெய் இல்லாததால் குளியலறையில் வழுக்காது. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு எண்ணெய் ஸ்க்ரப் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.

ஈரோடு: எலுமிச்சைச் சாறு?

தோலில் அது தங்கி வெயிலும் பட்டால் கொப்புளம் வரலாம், கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். சாறு, தண்ணீர், ரோஸ் வாட்டர் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

கோவை: முகப்பரு மேல தேய்க்கலாமா?

தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

சென்னை: நல்லா வந்தா விக்கலாம்னு இருக்கேன்.

பரிசு வேறு, விற்பனை வேறு. விற்க 2020 அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

திண்டுக்கல்: அக்கா, பன்னீர் கொஞ்சமா தெளிச்சா?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.