மாட்டுங்கா நிலமும் உங்கள் 15 லட்சமும்

கேள்வி: நானும் மனைவியும் மும்பையின் மாட்டுங்காவில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 1.40 லட்சம் ரூபாய்; வாடகை உட்பட செலவு 75,000. மும்பையை அடுத்த டோம்பிவிலியில் கட்டுமானத்தில் இருக்கும் 75 லட்ச ரூபாய் வீட்டுக்கு, கையிருப்பான 15 லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்து, மீதிக்குக் கடன் வாங்க எண்ணுகிறோம். மாட்டுங்காவே பிளேக் நோய்க்குப் பிறகு உருவான பகுதிதான், எந்தத் தொற்று வந்தாலும் நிலம் கைவிடாது என்கிறார் என் மாமனார். துணிந்து வாங்கலாமா?

பதில்: உங்கள் மாமனார் சொல்லும் வரலாறு சரியானதே, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டதும், சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு வெளியேறினர். 1891 கணக்கெடுப்பில் சுமார் 8.2 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1901இல் 7.8 லட்சத்துக்கும் கீழே இருந்தது. பஞ்சாலைகளில் ஆள் கிடைக்காமல் போகவே, மாதச் சம்பளத்தைக்கூட நிலுவை வைத்துக் கொடுத்துப் பழகிய முதலாளிகள், தெருமுனையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, அன்றன்றைய கூலியை அன்றே கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்று கிராக்கி ஏறியது உழைப்புக்கு. ஆளில்லாத வீட்டுக்கு வாடகை தர யார் இருந்தார்கள்?

பிளேக்கின் விளைவாக 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா குடியிருப்புத் திட்டங்களை வகுத்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1920களிலும் 30களிலும் எழுந்தவை. நிலம் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவரைத்தான் அது கைவிடவில்லை. மாமனார் இதைச் சொல்ல மறந்துவிட்டார் போலும்.

இனி உங்கள் கணக்கு. 60 லட்சம் கடனுக்கு 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 52,000 ரூபாய். முழுக் கடனும் வழங்கப்பட்டபின் வீடு கைக்கு வரத் தாமதமானால், வாடகையும் தவணையும் சேர்ந்து செலவு 1.27 லட்சத்தைத் தொடும். மிஞ்சுவது 13,000 மட்டுமே. முத்திரைத்தாள் கட்டணம் 6 விழுக்காடு என்றாலே 4.5 லட்சம் தனியாக வேண்டும். அதை உங்கள் திட்டத்தில் காணவே காணோம். 1897இல் ஆளுக்குக் கிராக்கி இருந்தது, 2020 ஊரடங்கிலோ பலருக்கு வேலையே இல்லை. அப்போது ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தபோதும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே ஆறு மாதச் செலவும் தவணையும் சேர்ந்த 7.6 லட்சத்தை, இருவர் பெயரிலும் உடனே எடுக்கக்கூடிய வைப்புநிதியில் ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்காக அதைத் தொடாதீர்கள். மீதி 7.4 லட்சத்தோடு மாதம் 50,000 சேர்த்து வந்தால், இரண்டு ஆண்டுகளில் முன்பணமும் பதிவுச் செலவும் ஏறத்தாழத் தேறிவிடும். அதற்கு முன்பே வாங்கியாக வேண்டுமென்றால், விலை குறைந்த, குடியேறத் தயாராக உள்ள வீட்டைப் பாருங்கள்.