கேள்வி – பதில்: மட்டக்களப்புப் பாதையில் எஞ்சின் படம்பிடிக்க

மட்டக்களப்பு ரயில் பாதையில் ஓடும் எஞ்சின்களைப் படம்பிடிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: காலையில் கடவைக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிறேன். எஞ்சினின் பக்கவாட்டு எப்போதும் இருட்டாகவே விழுகிறது. கமராவை மாற்ற வேண்டுமா? (ஏறாவூர்)

பதில்: கமராவில் குறையில்லை, நின்ற பக்கம்தான் பிழை. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் ஊடாகக் கல்குடாப் பக்கம் வரை பாதை கடற்கரையோடு சமாந்தரமாக வடமேற்கே போகிறது. காலை வெயில் எஞ்சினின் கடல் பக்கத்தில் விழும், மாலை வெயில் உள்நாட்டுப் பக்கத்தில் விழும். எழுவான்கரை, படுவான்கரை என்று வெயிலை வைத்தே ஊருக்குத் திசை சொன்ன நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. காலையில் கடல் பக்கம் நில்லுங்கள், பின்னேரம் மறுபக்கம் மாறுங்கள்.

வாழைச்சேனையைத் தாண்டிப் புணாணை, வெலிகந்தை என்று போனால் கணக்கு மாறிவிடும். அங்கே பாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காலையில் மட்டக்களப்பை நோக்கி வரும் வண்டியின் முகத்தில் வெயில் படும். அதே நேரத்தில் கொழும்புக்குப் போகும் வண்டியின் முகம் நிழலில் இருக்கும், அதை மாலையில்தான் எடுக்கலாம். பக்கவாட்டில் வெயில் விழுவது மாதத்தைப் பொறுத்தது. மட்டக்களப்பு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. அதனால் மே முதல் ஓகஸ்ட் வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை தெற்கே நிற்கும். ஜூனில் நல்ல படம் தந்த இடம் டிசெம்பரில் வெறும் நிழலாக இருப்பது இதனால்தான்.

உச்சி வெயில் எந்தப் பக்கத்துக்கும் உதவாது. கூரை மட்டும் பளிச்சிட, சில்லும் அதைத் தாங்கும் போகிச் சட்டமும் கறுத்துப்போகும். அளப்பதற்குக் கருவி தேவையில்லை, உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குறுகிவிட்டால் சூரியன் 45 பாகையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், கமராவைப் பையில் வையுங்கள். உதித்து இரண்டரை மணித்தியாலத்துக்குள் கிடைக்கும் வெயிலுக்கு நிகரில்லை.

கேள்வி: ஓடும் எஞ்சினின் இலக்கம் தெளிவாக விழுவதில்லை. சட்டர் வேகம் 1/500 வைத்துத்தான் எடுக்கிறேன். (மட்டக்களப்பு நகர்)

பதில்: மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வண்டி ஒரு செக்கனில் 16.7 மீற்றர் ஓடும். 1/500 செக்கனில் அது 33 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் கமராவில் சட்டகத்தின் அகலம் 20 மீற்றரை அடக்கினால் ஒரு பிக்சல் என்பது 3.3 மில்லிமீற்றர். ஆகவே படம் பத்து பிக்சல் இழுபடும், இலக்கம் கரைந்துபோக அது போதும். 1/2000 வைத்தாலும் இரண்டரை பிக்சல் இழுபடத்தான் செய்யும்.

வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்கும் கோணத்தை மாற்றுவது நல்லது. குறுக்கே நின்று எடுக்காமல், எஞ்சின் உங்களை நோக்கி வரும்போது பாதைக்கும் உங்கள் பார்வைக்கும் இடையே 20 பாகை அளவில் இருக்கும்படி எடுங்கள். அப்போது குறுக்கு நகர்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 1/1000 வைத்தாலே இழுவை இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். முகமும் பக்கவாட்டும் சேர்ந்து விழுவதால் எஞ்சினின் உருவமும் நன்றாக விளங்கும். தெளிந்த காலை வெயிலில் ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 250, எஃப் (லென்ஸ் துவார அளவு) 5.6, சட்டர் 1/1000 என்று தொடங்கிப் பாருங்கள்.

இந்த அளவுகளைக் கையாலேயே வைத்துக்கொள்ளுங்கள். தானாக அளக்க விட்டால் முகப்பு விளக்கு சட்டகத்துக்குள் வந்ததும் கமரா ஏமாந்து, எஞ்சினை இருட்டாக்கிவிடும். வண்டி வருமுன் அதே வெயிலில் இருக்கும் புல்லை அளந்து, ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே போதும்.

ஃபோகஸையும் முன்கூட்டியே வைத்துவிடலாம். 100 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 5.6 வைத்து, 40 மீற்றர் தூரத்திலுள்ள ஒரு சிலிப்பர் கட்டையில் ஃபோகஸ் வைத்தால், முழுச் சட்டக கமராவில் ஏறத்தாழ 25 மீற்றரிலிருந்து 120 மீற்றர் வரை தெளிவாக இருக்கும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சர் என்றால் 28 முதல் 70 மீற்றர் வரை. வைத்தபின் மனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நொடியில் முன்னால் ஆடும் புல் நுனியை லென்ஸ் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கச்சான் காற்றுக் காலத்தில் 300 மில்லிமீற்றர் லென்ஸால் தூரத்து வண்டியை எடுத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்கிறவர்கள் பலர். சூடேறிய சல்லிக்கல்லின் மேல் காற்று அலையாடுவதால் வரும் மங்கல் அது, எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் போகாது. தூரத்தைக் குறையுங்கள், அல்லது காலை 8 மணிக்கு முன் எடுங்கள்.

கேள்வி: கைபேசியில் எடுத்தால் கோச்சி ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறதே? (வாழைச்சேனை)

பதில்: கைபேசி சென்சர் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. முழுவதையும் படிக்க 20 மில்லிசெக்கன் எடுத்தால், 60 கிலோமீற்றர் வேக வண்டி அதற்குள் 33 சென்ரிமீற்றர் ஓடிவிடும். மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம்தான் சாய்வாகத் தெரிகிறது. சட்டர் வேகத்தைக் கூட்டினாலும் இது மாறாது. குறுக்கே எடுக்காமல் முன்சொன்ன கோணத்தில் எடுங்கள், அல்லது நிலையத்துக்குள் மெதுவாக நுழையும்போது எடுங்கள். பாதையில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டால் முகப்பு விளக்குத் தொல்லையும் இருக்காது.

கேள்வி: எங்கள் பக்கம் ரயில் பாதையே இல்லை. மட்டக்களப்புக்கு வந்தபோது கனடா நாட்டு ஊர்ப்பெயர் எழுதிய பழைய எஞ்சினைக் கண்டேன். அது என்ன? எப்படி எடுப்பது? (கல்முனை)

பதில்: அது எம் 2 வகுப்பு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் தந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 எஞ்சின்கள். கனடாவின் மாகாணப் பெயர்களைப் பலவற்றுக்கு வைத்தார்கள்: 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கற்சுவான். 1,425 குதிரைவலு கொண்ட இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) டீசல். அதன் சீரான முழக்கத்தை ஒருமுறை கேட்டவருக்குக் கண்ணை மூடினாலும் அடையாளம் தெரியும். எழுபது வருடப் பழைய எஞ்சின் இன்னும் பெட்டிகளை இழுத்து வருகிறது என்றால், அதைப் பதிவுசெய்வது நம் கடமை.

கனடாவிலிருந்து வந்த இன்னொரு வகுப்பான எம் 4 என்பது 1975இல் மொன்றியலில் செய்தது, 1,750 குதிரைவலு, நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்). நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது கரும்புகை தள்ளும். டீசல் உடனே கூடினாலும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ரேர்போ சுழன்று போதிய காற்றைத் தரச் சில நொடி எடுப்பதுதான் காரணம். அந்தப் புகையோடு எடுக்க வேண்டுமானால் மேடையின் புறப்படும் முனையில், வெளிர் வானம் பின்னால் வரும்படி நில்லுங்கள்.

பெயர்ப்பலகையை வண்டி நிற்கும்போது, நேர் எதிரே, 50 மில்லிமீற்றர் அளவில் எடுங்கள். உலோக எழுத்தில் வெயில் பட்டு வெளுத்துத் தெரிந்தால் ஓரடி பக்கம் நகருங்கள், எழுத்தின் ஓரங்கள் எழும்பித் தெரியும். மட்டக்களப்பு கடைசி நிலையம் என்பதால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், நிதானமாக எடுக்க நேரம் கிடைக்கும். நிலைய அதிபரிடம் முதலில் கேளுங்கள். கேட்டவருக்கு இடம் காட்டுவார்கள், கேளாமல் யார்டுக்குள் இறங்கியவரைக் காவலரிடம் ஒப்படைப்பார்கள். வகுப்பு, இலக்கம், வண்டி, திசை, திகதி ஐந்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் கோச்சி வருவதை எங்கே நின்று எடுக்கலாம்? ட்ரோன் விடலாமா? (ஓட்டமாவடி)

பதில்: பக்கத்திலுள்ள புதிய வீதிப் பாலத்தின் நடைபாதையில் நின்று எடுங்கள். முன்னர் வாகனமும் ரயிலும் பழைய பாலத்தையே பங்கிட்டுக்கொண்டன, இப்போது அது ரயிலுக்கு மட்டும். அதற்குள் நடந்துபோய் எடுக்கவே கூடாது. ஒதுங்க இடமில்லை, சட்டப்படியும் குற்றம். எஞ்சினின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே அரை மீற்றருக்கு மேல் நீண்டிருக்கும். எந்த இடத்திலும் குறைந்தது 5 மீற்றர் விலகி நில்லுங்கள். ஒற்றைப் பாதை என்பதால் வண்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். சாரதியின் கண்ணுக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம்.

ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. பதிவும் அனுமதியும் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

புணாணைக்கு அப்பால் பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள், அது யானைக் காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது இதே பாதையின் மேற்குப் பகுதியில்தான். பாதையோரம் பழத்தோல், சோற்றுப் பொதி எதையும் போட்டுவிட்டு வராதீர்கள். அந்த வாசத்துக்கு யானை தண்டவாளத்துக்கே வரும்.

கேள்வி: மாரி முடிந்து கமராவை எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ தெரிகிறது. (களுவாஞ்சிக்குடி)

பதில்: அது பூஞ்சணம். துணிப்பையிலும் தோல்பையிலும் பூட்டி வைத்தால் வாடைக்காற்றின் ஈரத்தில் வளரும். உள்ளே பிடித்ததை நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சுத்தமாகும்வரை மற்ற லென்ஸுகளோடு ஒன்றாக வைக்காதீர்கள்.

இனி வராமலிருக்க, ரப்பர் விளிம்புள்ள 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டியில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மானியும் வையுங்கள். மானி 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். அரிசி போடுவது வீண், மாத்தூசு லென்ஸுக்குள் போகும். கல்குடாக் கடற்கரைப் பக்கம் எடுத்துவிட்டு வந்தால் முதலில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். செம்மஞ்சள் ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பாவிக்காத பழைய சட்டியில், மெல்லிய நெருப்பில், பழைய நிறம் திரும்பும்வரை கிளறிச் சூடாக்கி, நன்றாக ஆறியபின் பெட்டிக்குள் வையுங்கள்.